பாடம் சொல்லும் பெட்டி: பக்கத்தில் இருக்க ஆள் எங்கே?

போடிநாயக்கனூரிலும் சுற்று வட்டாரக் கிராமங்களிலும் இன்று ஒரு புகார் கேட்காத வீடு இல்லை. இரண்டு வயதுக் குழந்தை, செல்போனில் பாட்டுப் பாடும் யானையைக் கண்டால்தான் வாயைத் திறக்கிறது. டி.வி.யில் எண் சொல்லும் பொம்மை வந்தால் கை தட்டிக் குதிக்கிறது. பெட்டியை நிறுத்தினால் வீடு இரண்டுபடுகிறது. சந்தைக்குத் தூக்கிப் போனால், எழுத்துக் கட்டையும் வர்ண வளையமும் தொங்கும் கடையை விட்டு நகர மறுக்கிறது.

இதைக் கண்ட பெரிய மனிதர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: "எல்லாம் தாய்மார்களின் பொறுப்பின்மை! பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்!"

எங்கே போகிறார்கள்? அதை மட்டும் இந்தப் பெரிய மனிதர்கள் கேட்பதில்லை. நாடகம் பார்க்கப் போகிறார்களா? உல்லாசப் பயணம் போகிறார்களா? ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள்! பஞ்சாலைக்கு ஷிப்டுக்குப் போகிறார்கள்! இதைச் சொல்லாமல் குழந்தையைப் பற்றிப் பேசுவது பாதி உண்மை. பாதி உண்மை எப்போதும் முதலாளிக்கே உதவும்.

விடியுமுன் கிளம்பும் ஜீப்

போடியிலிருந்தும் அதைச் சுற்றிய கிராமங்களிலிருந்தும் பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்புகின்றன. ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு, முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் போகின்றன. கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலை ஏறுகிறவர்கள் வேறு. இவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஏலக்காய் மரத்தில் தொங்கும் காய் அல்ல. செடியின் அடித்தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. குனிந்தும் குந்தியும் நகர்ந்தும்தான் எடுக்க வேண்டும். முற்றிய காய் எது, பிஞ்சு எது என்று விரலும் கண்ணும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாலையில் ஜீப் இறங்கி வீடு வந்து சேரும்போது இருட்டிவிடும். விடியுமுன் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை, தாய் திரும்பும்போதும் சில நாள் தூங்கிவிட்டிருக்கும்.

மலைக்குப் போகாத பெண்கள் போடியின் ஏலக்காய்க் கிட்டங்கிகளில் உட்கார்ந்து தரம் பிரிக்கிறார்கள். பெரிய காய் ஒரு பக்கம், சின்னக் காய் ஒரு பக்கம். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம். தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்துப் பஞ்சாலைகளில் ஷிப்டு முறை. இராத்திரி ஷிப்டு முடித்து வந்த தாய்க்குப் பகலில் கண் சொருகும். பிள்ளையோ பகலில்தான் விழித்திருக்கும்.

குழந்தை யாரிடம் இருக்கிறது? அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ இருக்கிறது. அந்த மூதாட்டியும் நாற்பது வருஷம் மலை ஏறி முழங்கால் தேய்ந்தவள்தான். "செல்லைக் காட்டினாத்தான் சோறு இறங்குது சாமி, நான் என்ன செய்ய?" என்கிறாள். அவள் கேட்பதில் என்ன தவறு? ஓடும் குழந்தையின் பின்னால் ஓட அவளுக்குக் கால் இல்லை. உட்கார்ந்த இடத்தில் பிள்ளையை உட்கார வைக்க, அவளிடம் உள்ள ஒரே கருவி அந்தச் சின்னப் பெட்டி.

குழந்தையின் ஆசை குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குழந்தையின் ஆசை கெட்ட ஆசை அல்ல. எண்ணை எண்ணக் கேட்டு மகிழ்கிறது. எழுத்தைக் கண்டு வாய் திறக்கிறது. வளையத்தைக் கம்பியில் கோத்து, கழற்றி, மறுபடி கோக்கிறது. ஐம்பது தடவை செய்தாலும் சலிப்பதில்லை. ஏன்? அது கற்கிறது. பெரியது எது, சிறியது எது, சிவப்பு எது, பச்சை எது என்று உலகத்தைத் தரம் பிரிக்கிறது. கிட்டங்கியில் தாய் கூலிக்குச் செய்யும் அதே வேலையைப் பிள்ளை வீட்டில் ஆனந்தத்துக்காகச் செய்கிறது!

அறிவுப் பசி பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் உண்டானதல்ல. கூலிக்காரன் குடிசையில் பிறந்த குழந்தைக்கும் அதே பசி, அதே அளவில் இருக்கிறது. இந்தப் பசிக்கு யார் சோறு போடுவது என்பதே கேள்வி.

இவை யாருக்காகப் பிறந்தன?

கல்வி விளையாட்டுச் சாமான் என்றாலே பணக்காரர் வீட்டுச் சரக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது.

ஸ்காட்லாந்து நாட்டில் நியூ லானார்க் என்ற ஊர். அங்கே ஒரு பஞ்சாலை. அதை நடத்திய ராபர்ட் ஓவன், 1816-ம் ஆண்டில் மில் தொழிலாளரின் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி திறந்தார். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளையெல்லாம் அதில் சேர்த்தார்கள். புத்தகத்தைக் கொண்டு அவர்களைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்பது அங்கே விதி. சுவரில் மிருகங்களின் படங்கள், கையில் பொருள்கள், ஆட்டம், பாட்டு. முதல் ஆசிரியர்கள் யார் தெரியுமா? ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளியும், மாலி யங் என்ற 17 வயது ஊர்ப் பெண்ணும்! பட்டம் பெற்ற பண்டிதர்களை ஓவன் தேடவில்லை. பிள்ளைகளிடம் பொறுமையும் அன்பும் உள்ளவர்களைத் தேடினார்.

ஜெர்மனியில் பிரோபெல் என்பவர் 1837-ல் பிளாங்கன்பர்க்கில் சிறு குழந்தைகளுக்கான பள்ளி தொடங்கினார். மரக்கட்டை, பந்து, உருளை ஆகியவற்றைக் கொண்டு கற்பித்தார். இன்று கடையில் தொங்கும் கட்டைப் பொம்மைகளுக்கு அவரே முன்னோடி. 1851-ல் பிரஷ்ய அரசு அவரது குழந்தைப் பள்ளிகளுக்குத் தடை விதித்தது. அவை நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புகின்றன என்றது! 1860-ல்தான் தடை நீங்கியது. பீரங்கி வைத்திருந்த ராஜ்யம் குழந்தையின் மரக்கட்டைக்குப் பயந்தது. சிறு வயதிலேயே யோசிக்கப் பழகும் மக்களைக் கண்டு ஆளும் கூட்டம் அஞ்சும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மாண்டிசோரி பள்ளி என்ற பலகையை இன்று பெரிய ஊர்களில் பார்க்கிறோம். அந்தப் பெயரில் விற்கும் சாமான்களின் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும். ஆனால் மாண்டிசோரி அம்மையார் தமது முதல் குழந்தை வீட்டை 1907 ஜனவரி 6-ம் தேதி எங்கே திறந்தார்? ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போய்விட, பார்க்க ஆளில்லாமல் கட்டிடத்தில் அலைந்த பிள்ளைகளுக்காகத் திறந்தார். நமது போடிப் பிள்ளைகளின் நிலை எதுவோ அதுவேதான்! அளவு அளவாய்ச் செதுக்கிய மர உருளைகளை அந்தக் குழந்தைகள் கட்டைக் குழியில் பொருத்தினார்கள். அழகழகான விளையாட்டுப் பொம்மைகளை விட்டுவிட்டு, கற்கும் சாமான்களையே திரும்பத் திரும்ப எடுத்தார்கள் என்பதைக் கண்டு அம்மையார் வியந்தார்.

இந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாவது உலக யுத்தம் மூண்டதால் திரும்ப முடியாமல் போயிற்று. 1942 முதல் 1944 வரை அவர் கொடைக்கானலில் வாழ்ந்து, அங்கே குழந்தைகளோடு தமது பணியைத் தொடர்ந்தார். போடிக்கு வடகிழக்கே நமது கண்ணுக்கெட்டும் மலைத்தொடர் அது. கூலிக்காரர் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை இந்த மலை வரை வந்தது. கூலிக்காரர் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை.

டெலிவிஷன் கதையும் இதுதான். 1969 நவம்பரில் அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தை நிகழ்ச்சி தொடங்கியது. பள்ளி செல்லுமுன் எழுத்தும் எண்ணும் பழக வசதியில்லாத ஏழைப் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தயாரித்தது அது. கட்டணம் கேட்காமல் இலவசமாக வந்தது. ஏழைப் பிள்ளைகள் உட்பட, அதைப் பார்க்க முடிந்த குழந்தைகள் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் இருந்தார்கள் என்று கியர்னி, லெவின் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2015-ல் எழுதினார்கள். ஆனால் 2016 முதல் சில ஆண்டுகள் என்ன நடந்தது? புதிய நிகழ்ச்சி முதலில் கட்டணம் கட்டிய வீட்டுக்கு. இலவசமாகப் பார்க்கும் வீட்டுக்கு ஒன்பது மாதம் கழித்து! ஏழைக்காகச் சமைத்த சோறு ஏழைக்கு ஆறிய பிறகு வந்தது. லாபவேட்டை குழந்தையின் எழுத்துப் பாடத்தைக்கூட விடவில்லை.

பெட்டிக்குக் காது இல்லை

அப்படியானால் நல்ல நிகழ்ச்சியை இலவசமாகக் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. காரணத்தைச் சொல்கிறோம்.

2007-ல் தொடங்கிய சுட்டி டி.வி.யில் 'டோராவின் பயணங்கள்' பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று வாலிபர்களாகி மலைக்கும் மில்லுக்கும் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நினைவிருக்கும். டோரா ஒரு கேள்வி கேட்பாள், கொஞ்ச நேரம் காத்திருப்பாள், பிறகு பாராட்டுவாள். பிள்ளை சரியாகச் சொன்னாலும் பாராட்டு. தப்பாகச் சொன்னாலும் பாராட்டு. தொண்டை வரண்டு அழுதுகொண்டிருந்தாலும் பாராட்டு. பெட்டிக்கு வாய் உண்டு, காது இல்லை.

விஞ்ஞானமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பட்ரீசியா கூல் என்ற விஞ்ஞானி 2003-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ஒன்பது மாதக் குழந்தைகளைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நேரில் ஆள் உட்கார்ந்து சீன மொழியில் பேசி விளையாடச் செய்தார். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, டி.வி. திரையில். நேரில் ஆளோடு இருந்த குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. அதே சொல், அதே முகம். பக்கத்தில் உயிருள்ள ஆள் இல்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல் என்ன? இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. கைக்குழந்தைகளுக்கான 'பேபி ஐன்ஸ்டீன்' படத்தட்டுகளை விற்ற டிஸ்னி கம்பெனியே, எதிர்ப்பு எழுந்த பிறகு, 2009-ல் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு நல்ல நிகழ்ச்சி உதவும். அதுவும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "இது என்ன? நம்ம வீட்டில் இது எங்கே இருக்கு?" என்று கேட்டால்தான் முழுப் பலன். ஆக, எல்லா வழியும் ஒரே இடத்துக்கு வருகிறது. ஆள் வேண்டும்! பேசவும் கேட்கவும் ஒரு மனிதர் வேண்டும்.

நமது நாட்டில் என்ன செய்தார்கள்? 2006 முதல் 2011 வரை தமிழகத்தில் வீடு வீடாக இலவசக் கலர் டி.வி. வந்தது. 2019 ஆகஸ்டில் அரசே கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இவற்றை நாம் குறை கூறவில்லை. ஏழை வீட்டுக்கும் பெட்டி வரட்டும். ஆனால் பெட்டி வீடு தேடி வந்தது. பிள்ளையோடு இருக்க ஆள் வரவில்லை.

சட்டம் பேசியது, தோட்டம் கேட்கவில்லை

1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் முதலாளி பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. 1981-ல் செய்த திருத்தம் ஏலத் தோட்டத்தையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 50 பெண்கள் இல்லாவிட்டாலும், பெண் தொழிலாளரின் குழந்தைகள் 20 பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்ற வழியும் இருந்தது. பஞ்சாலைகளுக்கோ, 1948-ம் ஆண்டு பாக்டரிச் சட்டத்தின்படி 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் கட்டாயம்.

2025 நவம்பர் 21-ம் தேதி புதிய தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன; பழைய இரண்டும் போயின. புதிய கணக்குக்குத் தோட்டமானாலும் பாக்டரியானாலும் ஐம்பது தொழிலாளர் வேண்டும். 20 குழந்தைகள் என்ற வழி அடைபட்டது. 35 பெண்களும் 10 ஆண்களும் வேலை செய்யும் சிறு மில் ஒன்று, பழைய சட்டப்படி காப்பகம் வைக்க வேண்டியது; புதிய சட்டப்படி தப்பித்துக்கொள்ளும்.

நமது மலைக்கூலிப் பெண்கள் நிலை அதைவிட மோசம். இன்றைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு வேறு தோட்டம். கங்காணி கூப்பிட்ட ஜீப்பில் ஏற வேண்டும். எந்த முதலாளியின் ஏட்டில் இவர்கள் ஐம்பது பேராக நிற்பார்கள்? அப்படியே மலை மேல் காப்பகம் இருந்தாலும், நெரிசல் ஜீப்பில் கைக்குழந்தையை ஏற்றி, பூச்சிமருந்து அடிக்கும் காட்டுக்குள் கொண்டுபோக எந்தத் தாய் சம்மதிப்பாள்?

இன்னொரு சிக்கலும் உண்டு. 1956-ல் மாநில எல்லை பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு சேர்ந்தன. தாய் உழைப்பது ஒரு மாநிலத்தில். பிள்ளை அழுவது இன்னொரு மாநிலத்தில். "உங்கள் வீடு எங்கள் எல்லையில் இல்லை" என்று அங்கே சொல்லலாம். "உங்கள் முதலாளி எங்கள் எல்லையில் இல்லை" என்று இங்கே சொல்லலாம். ஏலக்காய் மட்டும் எல்லையைத் தடையில்லாமல் கடந்து போடி ஏலத்துக்கு வருகிறது!

1975 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கிய ஐ.சி.டி.எஸ். திட்டத்தில் பிறந்த அங்கன்வாடிகள் தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நல்ல காரியம். அங்கே பாட்டு உண்டு, கதை உண்டு, முட்டை உண்டு. ஆனால் ஜீப் கிளம்பும் நேரத்தில் அது திறப்பதில்லை. ஜீப் திரும்பும் நேரத்தில் அது மூடிக் கிடக்கிறது. கைக்குழந்தைக்குச் சத்துமாவு கிடைக்கும். நாள் முழுதும் வைத்துப் பார்க்க ஏற்பாடு இல்லை. அங்கே உழைக்கும் சகோதரிகளையோ, தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளாமல் கௌரவ ஊழியர் என்கிறது மத்திய சர்க்கார். குழந்தையை வளர்ப்பது வேலை அல்லவாம்!

நாம் கேட்பது என்ன?

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. 1969-ல் டில்லி ராஜ்காட்டில் கட்டிட வேலை நடந்த இடத்தில், சித்தாள் பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்டு மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்ற அந்த இயக்கம் வேலை நடக்கும் இடங்களுக்கெல்லாம் காப்பகத்தைக் கொண்டுபோயிற்று. கூடாரத்தில் முடிந்தது போடியில் முடியாதா?

எனவே நாம் கேட்கிறோம்:

ஒன்று: ஜீப் கிளம்பும் ஊர்களில், மலைக்குக் கீழேயே, பிள்ளைக் காப்பகம் வேண்டும். முதல் ஜீப் கிளம்புமுன் திறந்து, கடைசி ஜீப் திரும்பிய பின் மூட வேண்டும். அங்கன்வாடிக் கட்டிடத்திலேயே இரண்டு ஷிப்டு ஆள் போட்டு நடத்தலாம்.

இரண்டு: அதற்குப் பணம் ஏலக்காயிலிருந்தே வர வேண்டும். 1996-ல் சட்டம் இயற்றிக் கட்டிடச் செலவில் ஒரு பங்கைக் கட்டிடத் தொழிலாளர் நலனுக்கு வசூலிக்க வழி செய்யவில்லையா? அதுபோல, போடியிலும் புற்றடியிலும் ஏலம் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு சிறு தொகை பிள்ளைகளுக்கு ஒதுக்கட்டும். 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை விலை போயிற்று. அந்தக் காயை எடுத்த கையின் குழந்தைக்கு அதில் ஒரு துளி பங்கு இல்லையா?

மூன்று: இரண்டு மாநில சர்க்கார்களும் உட்கார்ந்து பேசி, எல்லை தாண்டி உழைக்கும் பெண்களின் பெயரை ஒரே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எந்தத் தோட்டத்தில் வேலை செய்தாலும் குழந்தையின் உரிமை தொடர வேண்டும்.

நாலு: பஞ்சாலைகளில், இராத்திரி ஷிப்டு உட்பட, காப்பகம் நடக்க வேண்டும். பூட்டிய அறைக்குப் பெயர்ப் பலகை மாட்டி இன்ஸ்பெக்டருக்குக் காட்டும் வித்தை இனி வேண்டாம்.

ஐந்து: காப்பகத்தில் கட்டையும் வளையமும் படப்புத்தகமும் இருக்க வேண்டும். நல்ல நிகழ்ச்சி காட்ட ஒரு டி.வி.யும் இருக்கட்டும், பக்கத்தில் பேசிக் காட்ட, சரியான சம்பளம் பெறும் ஒரு ஊழியரும் இருக்க வேண்டும்.

அதுவரை நம் வீட்டில்

கோரிக்கை நிறைவேறும் வரை குழந்தை வளராமல் காத்திருக்காது. ஆகவே ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மாலையில் டீக்கடைப் பெஞ்சில் உலக விவகாரம் பேசும் நேரத்தில் அரை மணியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். மலை இறங்கி வந்த பெண் அடுப்பில் நிற்கிறாள். நீங்கள் குழந்தையோடு தரையில் உட்காருங்கள். அது ஆண்மைக்குக் குறைவல்ல.

சாமானுக்குக் காசில்லையே என்று கவலை வேண்டாம். அரவிந்த் குப்தா என்ற இஞ்சினீயர் 1978-ல் மத்தியப் பிரதேச கிராமங்களில் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் கொண்டு பிள்ளைகளுக்குக் கணித உருவங்கள் கற்பித்தார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். நம்மிடம் இல்லாத சாமானா? பெரிதும் சிறிதுமாய் நாலு சிரட்டையை அடுக்கச் சொன்னால் அது அளவுப் பாடம். நுங்குக் குடுக்கை இரண்டும் ஒரு குச்சியும் வண்டி. ஓலையில் கிலுகிலுப்பை. ஆனால் ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் புளியங்கொட்டை, ஏலக்காய், பொத்தான் போன்ற சின்னச் சாமானைத் தனியே கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்தால் உயிருக்கு ஆபத்து.

செல்போன் காட்டித்தான் ஆக வேண்டுமா? கொஞ்ச நேரம் காட்டுங்கள்; கூடவே பேசுங்கள். யானை வந்தால் "நம்ம மலையில் யானை எங்கே வரும்?" என்று கேளுங்கள். பிள்ளை மழலையில் சொல்லும் பதிலைக் கேட்க ஒரு காது வேண்டும். அந்தக் காதுதான் பள்ளிக்கூடம்.

தாய்மார்களே! உங்கள் மேல் சுமத்தும் குற்றத்தைத் தலைகுனிந்து ஏற்காதீர்கள். அதிகாலையில் தூங்கும் பிள்ளையை முத்தமிட்டு ஜீப் ஏறும் நீங்கள் பொறுப்பற்றவர்கள் அல்ல. உங்கள் நேரத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு, உங்கள் பிள்ளையின் நேரத்துக்கு விலை தராதவர்களே பொறுப்பற்றவர்கள். கூலி உயர்வுக் கோரிக்கையோடு காப்பகக் கோரிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள். ஜீப்பில் பேசுங்கள், கிட்டங்கியில் பேசுங்கள், மில் வாசலில் பேசுங்கள். பேசும் பெட்டி நம் பிள்ளைக்கு வந்துவிட்டது. பேசும் மனிதரைப் பெற்றுத் தருவது நமது ஒற்றுமையின் வேலை.